ரென்பை: கையோடு கையாக எத்தனை சேர்க்கலாம்?

2020 அக்டோபரிலிருந்து கிட்டத்தட்ட தினமும் நான் திறக்கும் மென்பொருள் ரென்பை. படம், வசனம், நடுவில் ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் பதில் என்று நகரும் விஷுவல் நாவல் வகை விளையாட்டுகளுக்கான எஞ்சின் அது. என் வேலை, வயது வந்தோருக்கான கதை விளையாட்டுகளுக்கு ஸ்கிரிப்ட், அதாவது கதையைத் திரையில் ஓட்டும் நிரல், எழுதுவது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு ஒப்பந்தத்தில் செய்கிறேன். ஒருவர் கதை எழுதுகிறார், இன்னொருவர் படம் செய்கிறார், மீதி எல்லாம் என் தலையில். இந்த வேலைக்கு ரென்பையை விடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எதைச் சேர்க்கச் சொன்னாலும் மறுக்காமல் சேர்த்துக்கொள்கிற கருவியும் அதுதான். 14 மாதத்தில் முடிய வேண்டிய எங்கள் விளையாட்டு நான்கு வருடம் இழுத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ரென்பை 2004இல் வெளிவந்தது. உருவாக்கியவர் டாம் ரோதமெல். காதலைக் குறிக்கும் 'ரென்ஆய்' என்ற ஜப்பானியச் சொல்லும் பைத்தான் என்ற நிரல் மொழியும் சேர்ந்ததுதான் பெயர். இலவசம், விற்கிற விளையாட்டிலும் பங்கு கேட்பதில்லை. ஒரே ஸ்கிரிப்டிலிருந்து விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, பிரவுசர் எல்லாவற்றுக்கும் விளையாட்டைக் கட்டித் தரும். 2017இல் வந்து பெரிதாகப் பேசப்பட்ட டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் இதில் செய்ததுதான். வயது வந்தோர் பிரிவிலும் இதுதான் அன்றாடக் கருவி.

கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். பாத்திரத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் வசனத்தை எழுதினால் அது திரையில் வந்துவிடும். மெனு என்று போட்டு உள்ளே இரண்டு பதில் வைத்தால் கதை இரண்டாகப் பிரியும். சேமிப்பது, தவறிப்போன வசனத்துக்கு மவுஸ் சக்கரத்தை உருட்டித் திரும்பிப் போவது, படித்ததைத் தாண்டிப் போவது எல்லாம் நாம் ஒரு வரி எழுதாமலே வேலை செய்யும். நிரல் தெரியாத எங்கள் எழுத்தாளர் மூன்றாம் நாளிலேயே தன் முதல் காட்சியை ஓட்டிப் பார்த்துவிட்டார்.

அந்தச் சுலபம்தான் எங்களுக்கு வினையாகவும் வந்தது. ரென்பைக்குள் முழு பைத்தானும் திறந்து கிடக்கிறது. ஒரு கைபேசித் திரை வேண்டுமா, பை நிறையச் சாமான் வேண்டுமா, காலை மாலை மாறும் நாட்காட்டி வேண்டுமா, மீன்பிடிக்கும் விளையாட்டு வேண்டுமா, எல்லாவற்றையும் உள்ளே கட்டலாம். கட்டினோம். 2020 அக்டோபரில் நாங்கள் எழுதிவைத்த திட்டம் ஒரே பக்கம். கடலோர ஊர் ஒன்றில் விடுதி நடத்தும் ஆள், மூன்று பெண்கள், எல்லாருமே முப்பதைத் தாண்டியவர்கள். ஆளுக்கு ஒரு முடிவு, மொத்தம் 60,000 சொற்கள். அதில் மீன் என்ற வார்த்தையே கிடையாது.

என் அப்பா மேஸ்திரி. முப்பது வருடம் வீடு கட்டினவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டால் 'கதை விளையாட்டு' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் அவர் கேட்டதில்லை. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு நான் இன்னும் கணினி முன்னால் இருப்பதைப் பார்த்து, "ஏன் கண்ணு, போன வருசமே முடிஞ்சிரும்னியே?" என்று கேட்டார். நடுவில் புதிது புதிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "வீட்டுக்காரங்களும் அப்படித்தான். பேஸ்மட்டம் போட்டதுக்கப்புறம் வந்து நிப்பாங்க, 'கையோட கையா போர்ட்டிகோவும் போட்டுருங்க மேஸ்திரி'ம்பாங்க. கையோட கையான்னு சொன்னா அதுக்குத் தனி எஸ்டிமேட்டு போட்டுக் கொடுத்துரு. பாதிப் பேரு வேண்டாம்னுருவாங்க" என்றார். ஃபீச்சர் கிரீப், அதாவது திட்டத்தில் இல்லாத வசதிகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைவது, பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு உபயோகமான ஒரு வரி இருந்ததில்லை.

தனி எஸ்டிமேட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2021 நடுவில், நாயகிகளின் சிகை அலங்காரத்தை ஆடுபவரே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. மூன்று விதம். ஸ்கிரிப்டில் அது எனக்கு அரை நாள் வேலை. தேர்வை நினைவில் வைக்க ஒரு மாறி, ஒரு திரை, படத்தின் பெயரில் ஓர் ஒட்டு, அவ்வளவுதான். அதனால் நானும் 'சுலபம்' என்று பதில் எழுதினேன். எங்கள் படங்கள் டாஸ் ஸ்டுடியோ என்ற முப்பரிமாண மென்பொருளில், ஒளி நிழலைக் கணக்கிட்டுப் படமாக்கும் ஐரே ரெண்டரில் வருபவை. படக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு. ஒரு படத்துக்குச் சராசரியாக 20 நிமிடம். அந்த மாத வெளியீட்டுக்கு 180 படங்கள், அதாவது 60 மணி நேரம். மூன்று சிகை என்றால் 540 படங்கள், 180 மணி நேரம், இயந்திரத்தை அணைக்காமல் ஏழரை நாள். அடுத்த மாதம் உடையும் இரண்டு விதம் என்றார்கள். அப்போது 1,080 படங்கள், 15 நாள். கை ஒன்று தவறான இடத்தில் இருக்கிறது, நிழல் சரியில்லை என்று திரும்ப எடுப்பவை இதில் சேரவில்லை. வயது வந்தோர் விளையாட்டில் படம்தான் சரக்கு. அதைப் பெருக்குகிற எந்த வசதியும் ஸ்கிரிப்ட் எழுதுபவருக்குச் சின்னதாகத்தான் தெரியும். 'சுலபம்' என்ற அந்த ஒரு சொல்லை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். படக்காரர் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் வேலை செய்தார்.

இந்த யோசனைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் பெரும்பாலான சிறு குழுக்கள் மாதச் சந்தாவில்தான் பிழைக்கின்றன. விளையாட்டு முடிந்த பிறகு விற்பதில்லை. செய்துகொண்டிருக்கும்போதே மாதாமாதம் ஒரு துண்டு வெளியிட்டு, ஆதரவாளர்களிடம் பணம் வாங்குவது. கொஞ்சம் அதிகம் கட்டுபவருக்கு வாக்குரிமை. அடுத்து எந்த நாயகியின் காட்சி, எந்த வசதி என்று அவர்கள் வாக்களிப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. முகம் தெரியாத எங்களை நம்பி மாதம் பத்து டாலர் அனுப்பியவர்கள். ஆனால் வாக்குச்சீட்டில் 'எதையும் சேர்க்க வேண்டாம், கதையை முடியுங்கள்' என்ற வரியை நாங்கள் ஒரு தடவைகூட வைக்கவில்லை. முடித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்ற பயம் மூன்று பேருக்கும் உள்ளுக்குள் இருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதாக அறிவித்தால் அந்த வாரம் சந்தா ஏறும். பழைய பிழைகளைச் சரிசெய்தோம் என்றால் ஒருவர்கூட வரமாட்டார். இப்படி ஒரு கூலி முறைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்தக் குழுவும் தானாக அடக்கிக்கொள்ளாது.

அப்புறம் பெரிய குழுக்களைப் பார்த்து ஆசைப்படுவது. 2019இல் சப்வர்ஸ் என்ற வயது வந்தோர் விளையாட்டுக்கு, மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1 லட்சம் பவுண்டு கேட்டு, 16 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. 2021 மார்ச்சில் அது விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் முன்னோட்டமாக வந்தபோது உள்ளே விண்கலச் சண்டை, கட்டம் கட்டமாக நகர்த்தும் போர், கதை மூன்றும் இருந்தன. அதைப் பார்த்த வாரமே எங்கள் குழு அரட்டையில் 'நாமும் ஒரு சிறு விளையாட்டு சேர்த்தால் என்ன' என்ற பேச்சு வந்துவிட்டது. மீன் வந்தது அப்படித்தான். அவர்களிடம் இருந்தது 16 லட்சம் பவுண்டும் அதற்கேற்ற ஆட்களும். எங்களிடம் இருந்தது ஒரு கிராபிக்ஸ் கார்டும் என் இரண்டு கைகளும்.

சரி, ரென்பைக்கு வருகிறேன். நடுவழியில் சேர்ப்பதை அது எப்படித் தாங்குகிறது? வசனம், கிளை வரைக்கும் அருமையாகத் தாங்குகிறது. புதிய மாறி ஒன்றைச் சேர்க்கும்போது 'டிஃபால்ட்' என்று அறிவித்தால், பழைய சேமிப்பைத் திறப்பவருக்கும் அது தானாக வந்துவிடும். 'டிஃபைன்' என்பது மாறாதவற்றுக்கு மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆதரவாளர்களின் சேமிப்பு உடையும். ஒவ்வொரு மாதமும் வெளியிடுகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். இன்னொன்று, ஸ்கிரிப்டைத் தொகுத்து ரென்பை உண்டாக்கும் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. அடுத்த வெளியீட்டில் பழைய சேமிப்பு எந்த வரியில் நின்றது என்று கண்டுபிடிக்க அவை தேவை. நான் ஒருமுறை இடத்தைச் சுத்தம் செய்வதாக அவற்றை அழித்துவிட்டு, முந்நூறு பேருக்கு மேல் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

பைத்தானில் நாமே கட்டியவற்றைத்தான் அது தாங்காது. 2022இல் ரென்பை 8 வந்து பைத்தான் 3க்கு மாறியது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், நூற்றுக்கணக்கான மெனுக்கள், ஒன்றைக்கூடத் தொடாமல் அப்படியே ஓடின. பதினெட்டு வருடப் பழைய கருவி இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு மென்மையாகச் செய்ததற்குக் கை எடுத்துக் கும்பிடலாம். தகராறு செய்தது மீன் மட்டும்தான். பழைய பைத்தானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே வரும். புதியதில் தசமம் வரும். கூடையில் 3.5 மீன் என்று திரையில் வந்தது. அதைத் தேடித் தேடிச் சரிசெய்ய ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் ஒரு நாயகியின் கடைசி அத்தியாயத்தை முடித்திருக்கலாம்.

இப்போது நான் இந்தக் கருவியை ஏன் இன்னும் விடவில்லை என்பதற்கு வருகிறேன். ரென்பையில் 'லின்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஸ்கிரிப்டில் பிழை தேடுவதற்கானது. இல்லாத படம், இல்லாத லேபிள் (கதைப் பகுதிக்கு வைக்கும் பெயர்) எல்லாவற்றையும் பட்டியல் போடும். அதன் அடியில் நாலு வரிப் புள்ளிவிவரம் வரும்: எத்தனை வசனத் துண்டுகள், எத்தனை சொற்கள், எத்தனை மெனுக்கள், எத்தனை படங்கள், எத்தனை திரைகள். முதல் இரண்டு வருடம் அதை நான் கவனித்ததே இல்லை. 2022 டிசம்பரில்தான், பழைய வெளியீடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து லின்ட் ஓட்டி, வந்த எண்களை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன். முதல் வெளியீடு: 11,400 சொற்கள், 19 மெனு, 212 படம், 6 திரை. அடுத்தடுத்த பக்கங்களில் எல்லாம் சேர்ந்தே ஏறுகின்றன. பிறகு ஏழு மாதக் கணக்கு உள்ள ஒரு பக்கம். அதில் சொற்கள் மொத்தம் 4,000தான் கூடியிருக்கின்றன. திரைகள் 18இலிருந்து 41 ஆகியிருக்கின்றன.

அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரென்பையில் திரை என்பது கதை இல்லை. பை, கைபேசி, கடை, நாட்காட்டி, மீன் இவைதான் திரைகள். சொல் நிற்கிறது, திரை ஏறுகிறது என்றால் கதை நின்றுவிட்டது, சாமான் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏழு மாதமாக நாங்கள் மூன்று பேரும் ராப்பகலாக உழைத்திருக்கிறோம். அந்தப் பெண்கள் மூன்று பேரும் அதே விடுதி வராந்தாவில் அதே பேச்சைப் பேசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நோட்டைப் படம் பிடித்து மற்ற இருவருக்கும் அனுப்பினேன். எழுத்தாளர் ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. பிறகு, 'மீனை எடுத்துவிடுவோம்' என்று ஒரே வரி வந்தது.

அதற்குப் பிறகு ரென்பையிலேயே இருந்த, நான் கண்டுகொள்ளாமல் விட்ட இரண்டு வசதிகள் கைகொடுத்தன. ஸ்கிரிப்டில் எங்கே வேண்டுமானாலும் 'டூடூ' என்று தொடங்கி ஒரு குறிப்பு எழுதலாம். லாஞ்சரில், அதாவது ரென்பையின் தொடக்கத் திரையில், ஸ்கிரிப்டை உலாவும் இடத்தில் அவை மட்டும் ஒரு பட்டியலாக வரும், தொட்டால் அந்த வரிக்கே போகும். நாங்கள் அதுவரை வேலைகளை ஒரு தனி அட்டைப் பலகைச் செயலியில் வைத்திருந்தோம். 340 அட்டைகள். பாதி அட்டைகள் யார் எதற்குப் போட்டது என்றே தெரியாது. அதைவிட்டு, வேலை எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியிலேயே குறிப்பு என்று மாற்றினோம். இடம் சொல்ல முடியாத ஆசைக்கு ஸ்கிரிப்டில் இடம் கிடையாது என்று விதி. 340இல் ஸ்கிரிப்டுக்குள் போய்ச் சேர்ந்தவை 96.

இரண்டாவது, நிழல் உருவம். இன்னும் வராத படத்தின் பெயரை எழுதினால், டெவலப்பர் நிலையில் ரென்பை நின்றுபோகாது. அந்த இடத்தில் ஓர் ஆள் உருவத்தை வைத்துக் கதையை ஓட்டும். எனக்கு இது இன்னொரு வகையிலும் வசதி. இந்தியாவில், பாலுறவை வெளிப்படையாகக் காட்டுபவற்றை மின்னணு வழியில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு இருக்கிறது. இங்கிருந்து இந்த வேலையை எடுக்க நினைப்பவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் பேசாமல் எடுக்காதீர்கள். என் கணினியில் நான் வசனம், கணக்கு, திரை அமைப்பு மட்டும் வைத்துக்கொண்டு, படங்களின் இடத்தில் இந்த உருவங்களோடுதான் வேலை செய்கிறேன். அப்படி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள்தான், கதை முழுவதையும் முதலில் உருவங்களை வைத்தே முடித்துவிட்டு, பிறகு தேவையான படங்களை மட்டும் எடுத்தால் என்ன என்று தோன்றியது. படம் இல்லாமல் ஆடிப் பார்த்தால் எந்தக் காட்சி கதைக்கு வேண்டும், எது வெறும் நிரப்பல் என்று பளிச்சென்று தெரிகிறது. கடைசி இரண்டு அத்தியாயங்களை அப்படித்தான் செய்தோம். அவற்றில் படம் எடுத்த பிறகு தூக்கிப்போட்டவை நான்கே நான்கு. முன்பு ஒவ்வொரு மாதமும் முப்பது நாற்பது போகும்.

குறைகளும் உண்டு. நாங்கள் செய்தபோது, நீளமான விளையாட்டைச் சோதிக்க ரென்பை அதிகம் உதவவில்லை. நான்கு பாத்திரம், ஆளுக்கு ஐந்து நட்பு நிலை என்றால் 625 சேர்க்கைகள். அடுத்த மெனு வரை வேகமாகத் தாவலாம், கட்டளை எழுதும் கன்சோலில் மாறிகளைக் கையால் மாற்றலாம், ஆனால் எல்லாச் சேர்க்கையும் சரியா என்பதை நாங்களேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கிளைகளை வரைபடமாகக் காட்டும் வசதி உள்ளேயே இருந்திருக்கலாம். குழுவாக வேலை செய்பவர்கள், கோப்பில் யார் எதை மாற்றினார் என்று பதிவு வைக்கும் கிட் என்ற கருவி இல்லாமல் தொடங்கவே கூடாது. ஸ்கிரிப்ட் வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் கிட்டோடு அழகாகப் பொருந்துகிறது.

தமிழில் விளையாட்டு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல சேதி. புதிய பதிப்புகள் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுத்தைக் கோர்க்கின்றன. தமிழ் எழுத்துரு ஒன்றைப் போட்டு 'கொண்டு', 'வௌவால்' என்று எழுதிப் பார்த்தேன், கொம்பும் காலும் சரியான இடத்தில் நின்றன. பழைய பதிப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். 2023 பிப்ரவரியில், இனி புதிய வசதி கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது, கதையை முடிக்கப்போகிறோம் என்று அறிவித்தோம். சந்தாதாரர்கள் 1,100 பேரிலிருந்து மூன்று மாதத்தில் 740 ஆனார்கள். திரும்ப அந்த எண்ணிக்கைக்குப் போகவே இல்லை. என் மாதக் கூலியும் குறைந்தது. பீயிங் எ டிக் போன்ற விளையாட்டுகள் கதையைப் பருவம் பருவமாகப் பிரித்து, முடிந்த பருவத்தைத் தனியாக விற்கின்றன. அந்த வழியைத் தொடக்கத்திலேயே எடுத்திருந்தால் இந்தச் சரிவு இவ்வளவு வலித்திருக்காது. 2024 நவம்பரில் எங்கள் விளையாட்டு முடிந்தது. 2025 ஜூலையில், பணப் பரிமாற்ற நிறுவனங்களின் நெருக்கடியால் ஸ்டீம் சில வயது வந்தோர் விளையாட்டுகளை நீக்கியது, சிறு குழுக்கள் விளையாட்டு விற்கும் இட்ச் தளம் அந்த வகை விளையாட்டுகளைத் தேடலிலிருந்து எடுத்தது. பாதி முடிந்த விளையாட்டோடு, வரும் மாதச் செலவுக்கு வழி தெரியாமல் நின்ற குழுக்களை அந்த வாரம் நிறையப் பார்த்தேன். முடிந்த பொருள் கையில் இருந்தால் வேறு கடை தேடலாம். முடியாததை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் மதிப்பீடு ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது சோதனை வசதிக்காக மட்டும். இரண்டு மூன்று பேராக விஷுவல் நாவல் செய்பவர்கள் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஓடியாடிச் சண்டை போடும் விளையாட்டு செய்ய நினைத்தால் இது வேண்டாம், வேறு எஞ்சினுக்குப் போய்விடுங்கள்.

போன மாதம் அதே குழுவோடு இரண்டாவது விளையாட்டைத் தொடங்கியிருக்கிறேன். 45,000 சொற்கள், இரண்டு நாயகிகள், திரைகள் ஏழுக்கு மேல் போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஞாயிறு சாயங்காலம் லின்ட் ஓட்டி நோட்டில் எழுதுகிறேன். நேற்று எழுதியது: 6,210 சொற்கள், 11 மெனு, படம் பூஜ்யம், திரை 5. படக்காரர் காலையில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார், கடற்கரையில் பட்டம் விடுகிற மாதிரி ஒரு சின்ன விளையாட்டு வைக்கலாமா என்று. எஸ்டிமேட் போட்டு அனுப்பியிருக்கிறேன்: திரை 2, படம் 140, ரெண்டர் 47 மணி நேரம், என் வேலை 12 நாள். இன்னும் பதில் வரவில்லை.